புதன்கிழமை கோயில் பூட்டியிருக்கும்

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாசமான லெந்து காலம் தொடங்கிவிட்டது. விடியற்காலை ஆராதனை, பிறகு பள்ளிக்கூடம், மாலையில் உபவாசக் கூட்டம். ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு போட்டுக்கொடுத்துவிட்டு நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தார்கள். அதுதான் வெட்கமாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் சபைச் செயலாளர் ஆமோஸ் அண்ணாச்சி நாங்கள் குடியிருக்கும் குருமனைக்கு வந்தார். இந்த லெந்துக்கு அவரிடம் ஒரு திட்டம் இருக்கிறது.

"ஐயா, நம்ம சபைல குடும்ப ஜெபம் செத்துப்போச்சு. பிள்ளையளுக்கு வீட்ல வச்சு ஆண்டவரப் பத்தி யாரும் சொல்லிக்கொடுக்கதில்ல. அதனால தெனமும் சாயங்காலம் ஒரு வீட்ல கூட்டம். நீங்க செய்தி கொடுங்க. சனிக்கிழமை அம்மா வீடு வீடாப் போயித் தாய்மாரப் பாக்கட்டும்."

என் கணவர் உடனே சரி என்றார். எதற்கும் உடனே சரி என்பவர் அவர். சீயோன்விளைச் சபைக்குக் குருவானவராக வந்து மூன்று வருடமாகிறது. எட்வின் ஐயரைப் பற்றி இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

பெனிட்டா தனியாகச் சாப்பிட்டுத் தட்டையும் கழுவி வைத்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புதான் படிக்கிறாள். ஒரே மகள். தொந்தரவே இல்லாத பிள்ளை.

பிப்ரவரி 25, சனி

ஒன்பது வீடுகள். ஒன்பது டீ. வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறீர்களா? எல்லா வீட்டிலும் ஒரே பதில். "பண்ணுதோம்மா. அது இல்லாம எப்படி?" ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை ஒன்று, "எப்பம்மா பண்ணுனோம்?" என்று கேட்டுவிட்டது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே பிள்ளையின் தொடையைக் கிள்ளினாள். நானும் பார்க்காத மாதிரி சிரித்தேன். அந்த வீட்டில் அதிரசமும் கொடுத்தார்கள்.

திரும்பும்போது, அவர்கள் யாராவது என்னிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. துணி ஊற வைத்தது ஞாபகம் வந்ததால் வேகமாக நடந்தேன்.

மார்ச் 1, புதன்

முழங்கால் வலி. கொஞ்ச நாளாகவே முழங்கால் போடுவதில்லை. படுத்துக்கொண்டே ஜெபிக்கலாம், ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.

மார்ச் 4, சனி

திடப்படுத்தல் வகுப்புகள் இன்று ஆரம்பம். ஞானஸ்நானத்தின்போது பெற்றோர் தங்களுக்காகச் சொன்ன விசுவாசத்தை, பிள்ளைகள் வளர்ந்தபின் சபை முன்னால் தாங்களே அறிக்கையிடும் ஆராதனை அது. ஏப்ரல் முதல் தேதி பேராயர் வருகிறார். பெனிட்டாவும் இந்த வருடம் அதில் நிற்க வேண்டும். வெள்ளை உடுப்புக்குத் துணி எடுத்தாயிற்று.

வகுப்புக்குப் போகாமல் இருக்கலாமா என்று என்னிடம் கேட்டாள்.

"அப்பாட்ட கேளு."

"அப்பா எங்க இருக்காங்க, கேக்க?"

கோயிலில்தான் இருக்கிறார், வகுப்பே அவர்தானே எடுக்கிறார் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மார்ச் 6, திங்கள்

மாவு தீர்ந்துவிட்டது. ஆட்ட நேரமில்லை. இரவுக்கு பிரட்.

மார்ச் 7, செவ்வாய்

இன்றும் பிரட் என்றால் பெனிட்டா எதுவும் சொல்ல மாட்டாள். அதனாலேயே மாவு வாங்கப் போனேன். ஆமோஸ் அண்ணாச்சியின் மனைவி இன்பக்கனி வீட்டிலேயே மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

சனிக்கிழமைப் பழக்கத்தில் அவளிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவள் கையைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா. பண்ணல."

நான் எதிர்பார்க்கவில்லை.

"எப்பம்மா பண்ண? ஞாயித்துக்கிழம காலைல ஆராதன. மத்தியானம் பிள்ளையளுக்கு ஞாயிறு பள்ளி. சாயந்தரம் வாலிபர் கூட்டம். புதன் உபவாசம், வெள்ளி பாடகர் குழு. இப்பம் தெனமும் வீட்டுக் கூட்டம் வேற. பிள்ளையளோட அப்பா ஊர்ல உள்ள வீட்டுக்கெல்லாம் போயி, பிள்ளையளோட உக்காருங்கன்னு சொல்லுதாங்க. எங்க வீட்டுக்கு என்னைக்கு வாராங்கன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்கம்மா. நான் கேட்டா கோவம் வருது."

கோபமாகச் சொல்லவில்லை. மாவு புளிப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். மாவுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள். கொடுத்துவிட்டு வந்தேன்.

இதை என் கணவரிடம் சொல்லவில்லை. கூட்டத்திலிருந்து வரும்போதே அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 10, வெள்ளி

இன்று கூட்டம் பக்கத்துத் தெருவில். பெனிட்டாவையும் கூட்டிப்போனேன். 'தகப்பனும் பிள்ளைகளும்' என்பது தலைப்பு. அவர் நன்றாகப் பேசினார். ஆட்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

நடுவில் பெனிட்டாவைப் பற்றிச் சொன்னார். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுவிடும்போது, வழியில் இருவருமாகச் சேர்ந்து ஜெபம் பண்ணுவதையும், "ஆண்டவரே, கணக்கு டீச்சருக்கு இன்னைக்கு லீவு கொடுங்க" என்று அவள் கேட்டதையும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெனிட்டா எழுந்து வெளியே போய்விட்டாள். பிள்ளைக்கு வயிற்று வலி என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"நான் திடப்படுத்தல் எடுக்கலப்பா."

"ஏன்? யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நீங்க கூட்டத்துல சொல்லுத பிள்ள நான் இல்ல. அது ரெண்டாங்கிளாஸ் பிள்ள. அதுக்கப்புறம் என்னப் பத்திச் சொல்ல உங்ககிட்ட ஒண்ணுமே இல்லலா?"

அவர், "பேராயர் வருத அன்னைக்கு ஐயர் மகளே இல்லன்னா சபைல என்ன நெனப்பாங்க?" என்றார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனே அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதானே.

பெனிட்டா என் பக்கம் திரும்பினாள். நான் என்ன சொல்வேன் என்று பார்த்தாள். தோசை ஆறுகிறது, சாப்பிட வா என்றேன்.

மார்ச் 11, சனி

பெனிட்டா வகுப்புக்குப் போகவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏழு வீடுகள் போய்வந்தேன்.

மார்ச் 16, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று மாலை கூட்டம் ஊரின் கடைசியில் ஒரு வீட்டில். வழக்கம்போலத் தொடங்கும்முன் எல்லோரையும் போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னார்கள். ஏழரைக்கு முடிந்து பார்த்தால் என் போனில் பெனிட்டாவின் அழைப்புகள். அவருடைய போனிலும். ஆமோஸ் அண்ணாச்சியின் போனில் இன்பக்கனியின் அழைப்புகள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நாங்கள் வருவதற்குள் சோறு ஆக்கி வைக்கலாம் என்று பெனிட்டா உலை வைத்திருக்கிறாள். கஞ்சி வடிக்கும்போது மூடி நழுவி இடது கை முழுவதும் கொதிகஞ்சி கொட்டிவிட்டது. எங்களைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டபடியே தெருவைத் தாண்டி இன்பக்கனி வீட்டுக்கு நடந்திருக்கிறாள். அவள் கிரைண்டரை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். பெனிட்டா இன்பக்கனியின் தோளில் சாய்ந்து இருந்தாள். எங்களைப் பார்த்ததும் அழவில்லை. "கூட்டம் முடிஞ்சிட்டாப்பா?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

இன்பக்கனி எழுந்து அவளுடைய கணவரிடம் போனாள்.

"என் ஃபோன எடுக்கல. சரி. ஒரு பிள்ள கையப் பொசுக்கிட்டு வந்து நிக்கி. பெத்தவங்க எங்கன்னு டாக்டர் கேக்காங்க. நான் என்னத்தச் சொல்ல? பிள்ளைய எப்படி வளக்கணும்னு சொல்லிக்கொடுக்கப் போயிருக்காங்கன்னா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோருக்கும் கேட்டது. ஆமோஸ் அண்ணாச்சி தரையைப் பார்த்தபடி நின்றார். என் கணவர் பெனிட்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைத் தொடலாமா வேண்டாமா என்று தெரியாதவர் போலக் கைகளை மடியில் வைத்திருந்தார்.

தழும்பு பெரிதாக இருக்காது என்று டாக்டர் சொன்னார். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறேன்.

மார்ச் 17, வெள்ளி

அவர் இன்றும் கூட்டத்துக்குப் போனார். அந்த வீட்டில் பந்தல் போட்டு நாற்காலி எல்லாம் வாடகைக்கு எடுத்துவிட்டார்களாம். நான் போகவில்லை. அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். செய்தியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆசீர்வாதம் சொல்லிவிட்டு வந்தாராம். ஏன் என்று கேட்டேன். "என் சத்தமே எனக்குக் கேக்கப் பிடிக்கல, சுகிர்தா" என்றார்.

மார்ச் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் குருமனையிலேயே கமிட்டி. டீ போட்டபடி அடுக்களையிலிருந்து கேட்டேன்.

வீட்டுக் கூட்டங்களை நிறுத்திவிடலாம் என்றார் அவர். வாரத்தில் புதன், வெள்ளி இரண்டு நாளும் மாலையில் கோயிலில் எந்தக் கூட்டமும் வேண்டாம், கேட்டைப் பூட்டிவிடலாம், எல்லோரும் அவரவர் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

பெரிய சத்தம். "லெந்து நாள்ல கோயிலப் பூட்டுததா?" "பக்கத்துச் சபைல நாப்பது நாளும் கூட்டம் நடக்கு, நம்ம ஆளுக அங்க போயிருவாங்க." "வீட்ல இருந்தா ஜெபமா பண்ணுவாங்க? சீரியல்தான் பாப்பாங்க." "ஐயருக்கு மகளக் கவனிக்கணும்னா லீவு எடுத்துக்கிடட்டும், அதுக்குச் சபையப் பூட்டணுமா?"

கடைசியாகச் சொன்னவருக்கு டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை.

ஆமோஸ் அண்ணாச்சி எதுவும் பேசாமல் இருந்தார். திட்டம் அவருடையது. அவர்தான் அதிகமாகச் சத்தம் போடுவார் என்று நினைத்திருந்தேன்.

"எனக்கு ஒண்ணு தெரியணும் ஐயா" என்றார் கடைசியில். "பூட்டுதோம். நான் வீட்டுக்குப் போறேன். பிள்ளையள் முன்னால உக்காந்திருக்கு. நான் என்ன செய்யணும்? கமிட்டில பேசச் சொல்லுங்க, பேசுவேன். எங்க அப்பா எங்கள உக்கார வச்சு ஒரு நாளும் ஜெபம் பண்ணல. எனக்கு யாரும் செஞ்சு காட்டல. எனக்குத் தெரியாது ஐயா."

"எனக்குத் தெரிஞ்சது, மறந்துபோச்சு அண்ணாச்சி" என்றார் என் கணவர். "சேந்துதான் படிக்கணும்."

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் பேசினார்கள். வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுக்க முடியாது என்றார் பாடகர் குழுத் தலைவர். வீட்டுக் கூட்டங்கள் நின்றன. பூட்டுவதற்குப் புதன் மட்டும் மிஞ்சியது.

மார்ச் 22, புதன்

கோயில் கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு அவர் வீட்டில் இருந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

பெனிட்டாவின் கைக்கட்டை அவரே பிரித்து மருந்து போட்டார். நேரமெடுத்தது. அப்புறம் மூவரும் உட்கார்ந்தோம். "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே" என்று அவர் ஆரம்பித்தார்.

"அப்பா, மைக் இல்ல."

அவர் நிறுத்திவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் மறுபடி தொடங்கப் பார்த்தார். ஆயிரம் பேருக்கு முன்னால் திணறாதவர் மகளுக்கு முன்னால் திணறினார். கடைசியில் கண்ணைத் திறந்து, "இந்த வாரம் உனக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று அவளிடம் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒருவரும் சேர்ந்து சாப்பிடுவதில்லையாம். ஐயர் மகள், போய்ச் சொல்லிவிடுவாள் என்று பிள்ளைகள் ஒதுங்கிப்போகிறார்களாம். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பிருந்தே இப்படித்தானாம்.

நான் வேலை பார்ப்பதும் அதே பள்ளிக்கூடத்தில்தான்.

அவர் அவள் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இவ தனியாச் சாப்பிடுதா" என்றார். அத்தோடு ஆமென்.

மார்ச் 26, ஞாயிறு

இன்று ஆராதனையில் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, குடும்பங்கள் சேர்ந்து உட்காரட்டும் என்றார். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வயதானவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பெஞ்சு தாண்டி, செருப்பு தேடி, ஒரே குழப்பம். தனியாக வந்தவர்களைப் பக்கத்துக் குடும்பங்கள் கூப்பிட்டுக்கொண்டன.

பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் சொல்லும்வரை பொறுங்கள், புத்தி சொல்லாதீர்கள், பிறகு தலையில் கை வைத்து ஒரு வரி ஜெபியுங்கள் என்றார். பாதிப் பேர் வெட்கத்தில் சிரித்தார்கள். பாதிப் பேர் புத்திதான் சொன்னார்கள். இரண்டு குடும்பங்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டன. ஆமோஸ் அண்ணாச்சி மகனின் தலையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தார். இன்பக்கனி அவர் முழங்கையை இடித்தாள். "நல்லா இருக்கணும்" என்றார் அவர். அந்தப் பையன் காது வரை சிவந்துபோனான்.

ஏப்ரல் 1, சனி

பேராயர் வந்தார். பதினாறு பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். பெனிட்டா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், சாதாரணச் சுடிதாரில்.

விருந்தில் ஒரு பெரியவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "நம்ம ஐயர் பிள்ளையக் காணுமே?" என்றார். பேராயரும் திரும்பிப் பார்த்தார்.

"அவ இன்னும் யோசிக்கா" என்றார் என் கணவர். "யோசிக்கட்டும். அவ சொல்லவேண்டியத நான் சொல்லக் கூடாதுலா."

பேராயர் தலையசைத்துவிட்டு ரசம் கேட்டார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 5, புதன்

எங்கள் மூன்றாவது புதன். என் முறை வந்தது. முழங்கால் வலி, நீங்கள் இருவரும் பண்ணுங்கள் என்றேன். பெனிட்டா என்னையே பார்த்தாள்.

"உக்காந்துட்டே சொல்லலாம்லாம்மா."

சொல்லலாம்தான். கண்ணை மூடினேன். ஒன்றுமே வரவில்லை. எவ்வளவு நாளாக வரவில்லை என்று யோசித்தேன், அதுவும் தெரியவில்லை. "ஆண்டவரே, களைப்பா இருக்கு" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் எனக்காக அவர் ஜெபித்தது எல்லாம் பட்டியலில் ஒரு பெயராகத்தான். இன்று ஒன்றும் ஜெபிக்காமல் கையைப் பிடித்திருந்தார்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். அதிகாலை நான்கு மணிக்கே எழுந்தது. கோயில் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். மூன்று ஆராதனைகள். கால் வீங்கிவிட்டது.

ஏப்ரல் 13, வியாழன்

லெந்து முடிந்துவிட்டதால் புதன்கிழமைக் கூட்டத்தை மறுபடி தொடங்கலாமா என்று கமிட்டியில் கேட்டிருக்கிறார்கள். இருக்கட்டும், பூட்டியே இருக்கட்டும் என்று ஆமோஸ் அண்ணாச்சி ஒருவர்தான் உறுதியாகச் சொன்னாராம். அடுத்த மாதம் வாக்கெடுப்பு. தோற்றாலும் தோற்கலாம்.

நேற்றும் கேட் பூட்டியிருந்தது. பள்ளியில் முழு ஆண்டுப் பரீட்சை நடக்கிறது. நாள் முழுவதும் ஹாலில் நின்றுவிட்டு வந்து, விடைத்தாளும் திருத்தி, சாப்பாட்டுக்கு அப்புறம் ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது எனக்குத் தலை நிற்கவில்லை. மேசையில் கவிழ்த்துக்கொண்டேன். அவர் பைபிளில் சங்கீதம் வாசிக்கும் சத்தம் கேட்டது. எந்தச் சங்கீதம் என்று கேட்டால் தெரியாது.

"அம்மா தூங்கிட்டாங்க" என்றாள் பெனிட்டா.

"எழுப்பவா?"

"வேண்டாம்ப்பா. நான் சொல்லுதேன்."

என் தலையில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. லேசான, தயங்கித் தயங்கி வைத்த கை. அவள் யாருக்காகவும் சத்தமாக ஜெபித்து நான் கேட்டதில்லை.

"ஆண்டவரே, நீங்க இருக்கீங்களான்னு எனக்குச் சரியாத் தெரியல. இருந்தா, எங்கம்மா தூங்குதாங்க. எழுப்பிராதீங்க. அவ்வளவுதான். ஆமென்."

பிறகு அவர் மெதுவாக, எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "ஆமென்" என்றார்.

நான் தூங்கவில்லை. தூங்குகிறவள் மாதிரியே அசையாமல் இருந்தேன்.